ஒரு லேபிளைத் திருத்தினால் எல்லாப் படங்களும் திருந்தும் முறை

பாக்கெட் சேவு, மிக்சர் போன்ற நொறுக்குத் தீனிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது நமது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. அடிப்படை விலை 50 ரூபாயுள்ள 200 கிராம் காராச்சேவு பாக்கெட்டை அதுவரை 56 ரூபாய்க்கு விற்றோம். 22-ஆம் தேதி முதல் அது 52 ரூபாய் 50 காசு. கையிருப்பில் இருந்த பழைய கவர்களில் புது விலையை ஸ்டிக்கராகவோ முத்திரையாகவோ இட்டுப் பயன்படுத்த மத்திய அரசு அவகாசமும் கொடுத்தது. ஆகவே கவர் விஷயத்தில் பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. கவருக்கு அவகாசம் கொடுத்தார்கள். படத்துக்கு யார் கொடுப்பது? இன்று நம்மில் பலர் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகிறோம். அந்தப் பாக்கெட்டின் படம் விலைப்பட்டியலில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் போகிறது, ஆன்லைன் விற்பனைத் தளத்தில் நிற்கிறது, கடை வாசல் பிளக்ஸ் போர்டிலும் தொங்குகிறது. எங்கள் கடையில் அப்போது கடலை மிட்டாய், எள்ளுருண்டை, சேவு, கம்பு மாவு என்று 8 சரக்கு. ஒவ்வொன்றிலும் 3 அளவு. ஆக 24 லேபிள். ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பாக்கெட்டாக ஒரு படம், அட்டைப் பெட்டிக்குள் அடுக்கியதாக ஒரு படம், கடை அலமாரியில் நிற்பதாக ஒரு படம். மொத்தம் 72 படங்கள். இதில் சேவு வகைகளின் படங்களை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து அரைகுறையாக மாற்றியதில், பெட்டிப் படம் ஒன்றில் பழைய விலை தங்கிவிட்டது. வெளியூர் வியாபாரி ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி, "வரி குறைந்த பிறகும் பழைய விலை வைத்திருக்கிறீர்களே அண்ணாச்சி" என்று கேட்டார். நாங்கள் பில் போட்டது புது விலைக்குத்தான். ஆனாலும் அதை அவருக்கு நம்ப வைக்க இரண்டு நாள் ஆயிற்று.

அந்த 72 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய லேபிளை எடுத்து, புதியதை வைத்து, பாக்கெட்டின் வளைவுக்குத் தக்கபடி மறுபடியும் வளைத்து, நிழலைச் சரிசெய்து முடிக்க ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி நேர வேலை. டிசைனருக்கு அது கூலி. நமக்கு அது தாமதம். இதற்குச் சுலபமான வழி ஒன்று வெகுநாளாகவே இருக்கிறது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாம் யாரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இதைச் செய்யப் போவதில்லை. ஆனால் டிசைனரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரிந்திருப்பது நல்லது.

போட்டோஷாப் என்ற மென்பொருளில் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' என்று ஒரு வசதி உண்டு. 2005-இல் வெளிவந்த சி.எஸ். 2 பதிப்பில் இது முதலில் வந்தது. சாதாரணமாக ஒரு லேபிளைப் பாக்கெட் படத்தின் மேல் ஒட்டி வளைத்தால், அந்த லேபிளே வளைந்துபோய்விடும். பிறகு அதில் எழுத்தைத் திருத்த முடியாது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது லேபிளை ஓர் உறைக்குள் போட்டு, உறையை மட்டும் வளைப்பது போன்றது. உள்ளே இருக்கும் லேபிள் தட்டையாக, முழுதாக அப்படியே இருக்கும். உறையைத் திறந்து லேபிளைத் திருத்திச் சேமித்தால், அதே வளைவோடு, அதே நிழலோடு புது லேபிள் பாக்கெட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

இதுவே பெரிய உதவிதான். ஆனால் 72 படம் என்றால் 72 உறை. ஒவ்வொன்றையும் திறந்து திருத்தத்தான் வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க 2014 ஜனவரியில் வந்த பதிப்பில் 'லிங்க்டு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்', அதாவது இணைப்பு உறை சேர்க்கப்பட்டது. இதில் லேபிள் உறைக்குள் இல்லை. தனி ஃபைலாக வெளியே இருக்கிறது. உறைக்குள் இருப்பது அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே.

நம் கடை வழக்கத்தில் சொன்னால் எளிதில் விளங்கும். அரிசி மூட்டை ஒவ்வொன்றிலும் சிறு அட்டையில் விலை எழுதிச் செருகி வைப்பது ஒரு முறை. விலை மாறினால் அத்தனை அட்டையையும் அழித்து எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வாக்குவாதம். வாசலில் ஒரே விலைப்பலகை வைத்து, மூட்டைகளில் 'விலை பலகையில் காண்க' என்று எழுதி வைப்பது இன்னொரு முறை. பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் எல்லா மூட்டைக்கும் விலை மாறியதாகிவிடும். உள்ளே வைத்த உறை முதல் முறை. இணைப்பு உறை இரண்டாவது முறை.

நம் பகுதிக்கு இந்த யோசனை அப்படி ஒன்றும் புதிதல்ல. சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததுதான் அங்கே அச்சுத் தொழில் வளர ஒரு முக்கியக் காரணம். அந்தக் காலத்துக் கல் அச்சில் ஓவியர் ஒரு லேபிளை ஒரு கல்லில் ஒரு முறைதான் வரைவார். அதிலிருந்து மைப்படிகள் எடுத்துப் பெரிய கல்லில் வரிசையாகப் பதித்து, ஒரே தாளில் பல லேபிள்களை அச்சிடுவார்கள். மூலக்கல்லில் உள்ளதுதான் எல்லாவற்றிலும் வரும். நல்லதும் வரும், பிழையும் வரும். இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு லேபிளையும் அதன் உண்மையான அளவில் தனி ஃபைலாக முதலில் செய்ய வேண்டும். பிறகு வெற்றுப் பாக்கெட்டின் படத்தைத் திறந்து, 'பிளேஸ் லிங்க்டு' என்ற கட்டளையால் லேபிள் ஃபைலை அதன் மேல் வைக்க வேண்டும். வெறும் 'பிளேஸ் எம்பெடட்' என்று கொடுத்தால் லேபிள் உள்ளே போய்விடும், இணைப்பு இருக்காது. பெரும்பாலான டிசைனர்கள் பழக்கத்தில் இதைத்தான் கொடுக்கிறார்கள். லேபிளைப் பாக்கெட்டின் வடிவத்துக்கு வளைத்தபின், பளபளப்பையும் சுருக்கத்தின் நிழலையும் லேபிளுக்கு மேலே தனி அடுக்கில் வைக்க வேண்டும். லேபிளிலேயே நிழலைப் போட்டால் அதே லேபிளை அடுத்த படத்தில் பயன்படுத்த முடியாது. அவ்வளவுதான். பெட்டிப் படத்திலும் அலமாரிப் படத்திலும் அதே லேபிள் ஃபைலையே இணைக்க வேண்டும்.

இனி விலை மாறினால் லேபிள் ஃபைலில் திருத்திச் சேமித்தால் போதும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் படங்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். மூடியிருந்த படங்களைப் பிறகு திறக்கும்போது, அடுக்குப் பட்டியலில் ஓர் எச்சரிக்கைக் குறி தெரியும். 'அப்டேட் ஆல் மாடிஃபைட் கன்டென்ட்' என்று கொடுத்தால் அந்தப் படத்தில் உள்ள எல்லா இணைப்பும் புதுப்பிக்கப்படும். திறப்பது, புதுப்பிப்பது, சேமிப்பது, அனுப்புவதற்கான படமாக வெளியே எடுப்பது ஆகிய நான்கையும் ஒரு 'ஆக்‌ஷன்' ஆகப் பதிவு செய்து வைத்துவிட்டால், ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை படங்களையும் கம்ப்யூட்டரே வரிசையாக முடித்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாறுவது மூலப் படம் மட்டுமே. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் விற்பனைத் தளத்தில் ஏற்றிய படமும் அதன் நகல்கள். அவை தாமாக மாறா. புதிதாக எடுத்து, பழையதை நீக்கிவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். என் கடைக் கணக்குப்பிள்ளை இதை நம்பாமல், தளத்தில் விலை மாறிவிட்டதா என்று ஒரு வாரம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்!

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எது பொதுவானது, எது தனியானது? முகவரி, வாடிக்கையாளர் குறை தெரிவிக்கும் தொலைபேசி எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பச்சைப் புள்ளிச் சைவக் குறி, நமது பிராண்டின் பெயர் இவையெல்லாம் எல்லா லேபிளுக்கும் ஒன்றே. இவற்றை ஒரு தனி ஃபைலாக வைத்து, அதை ஒவ்வொரு லேபிள் ஃபைலிலும் இணைக்கலாம். லேபிளைப் படத்தில் இணைக்கலாம். இரண்டு கண்ணிச் சங்கிலி. கடை இடம் மாறினால் ஒரே ஃபைலில் முகவரியை மாற்றினால் 24 லேபிளும் 72 படமும் மாறும். ஆனால் வரிசை தவறக்கூடாது: முதலில் லேபிள்களைத் திறந்து புதுப்பித்துச் சேமித்த பிறகே படங்களைத் திறக்க வேண்டும்.

நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராமுக்கான விலை, சேர்பொருட்கள் இவை பாக்கெட்டுக்குப் பாக்கெட் வேறு. இவற்றைப் பொது ஃபைலில் வைக்கவே கூடாது. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி அலகு விலையையும் போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்குக் கிராம் கணக்கில். மேலே சொன்ன சேவு 56 ரூபாயில் கிராமுக்கு 28 காசு, 52.50 ஆனபோது 26 காசு. ஆக ஒரு விலை மாறினால் லேபிளில் இரண்டு எண் மாற வேண்டும். பலர் முதல் எண்ணை மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எடையைக் காட்டும் எண்ணின் உயரமும் பொட்டலம் பெரிதாகப் பெரிதாகக் கூட வேண்டும் என்பது விதி. ஆகையால் 100 கிராம் லேபிளையே இழுத்துப் பெரிதாக்கி 1 கிலோவுக்கு வைப்பது சரிப்படாது. ஆன்லைனில் விற்பவர்கள் இந்த விவரங்களை விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் உள்ள விதி.

பொதுவையும் தனியையும் பிரிப்பதில் நம் ஊரில் பலர் தவறக்கூடிய இடம் புவிசார் குறியீடு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தக் குறியீட்டுச் சின்னத்தை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே, அதுவும் அந்தக் கடலை மிட்டாய்க்கு மட்டுமே பயன்படுத்தலாம். சின்னம் அழகாக இருக்கிறதே என்று பிராண்ட் பெயரோடு சேர்த்துப் பொது ஃபைலில் வைத்தால் என்ன ஆகும்? எள்ளுருண்டையிலும், சேவிலும், கம்பு மாவிலும் போய் உட்கார்ந்துவிடும். பதிவு பெற்றவரே செய்தாலும் அது தவறுதான். அதேபோல் 'நிலக்கடலை உள்ளது' என்ற ஒவ்வாமை எச்சரிக்கை கடலை மிட்டாய் லேபிளில் இருந்தாக வேண்டும். கடலை சேராத சரக்கில் தானாக வந்துவிடக் கூடாது.

பொது ஃபைலில் விலையையே வைக்கக்கூடிய சந்தர்ப்பமும் உண்டு. தீப்பெட்டி அப்படிப்பட்ட சரக்கு. 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டு கழித்து 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. பெட்டிக்கு 36 குச்சி என்பதை 50 ஆக்குவதாகவும் உற்பத்தியாளர்கள் அறிவித்தார்கள். கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், சிவகாசி என்று நம் கரிசல் பகுதி முழுவதும் பூவும் மிருகமும் பறவையுமாக எத்தனை மார்க் என்று எண்ணி முடியாது. படம் வேறு வேறு. மாறிய விவரமோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. இப்படிப்பட்ட சரக்குக்கு விலையையும் குச்சி எண்ணிக்கையையும் ஒரு சிறு பட்டையாகத் தனி ஃபைலில் வைத்து எல்லா மார்க்கிலும் இணைத்தால் ஒரு நிமிட வேலை. சரக்குக்குத் தக்கபடிதான் எது பொது என்று முடிவு செய்ய வேண்டும்; டிசைனருக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி எனக்கு நேர்ந்த இரண்டு சங்கடங்கள்.

முதலாவது, ஃபைல் இருக்குமிடம். எங்களுக்கு வேலை செய்த டிசைனர் தம்பி வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனார். போகும்போது படங்களையெல்லாம் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார். புது ஆள் திறந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் கேள்விக்குறி. பழையவருக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, லேபிள் ஃபைல் படத்துக்குள்ள இல்ல, என் சிஸ்டத்துல தனியா இருந்துச்சு. அதைக் காப்பி பண்ண மறந்துட்டேன்" என்றார். நல்ல வேளை, அவர் சிஸ்டத்தில் இன்னும் அழியாமல் இருந்ததை அனுப்பி வைத்தார். விலைப்பலகையை விட்டுவிட்டு மூட்டைகளை மட்டும் வண்டியில் ஏற்றிய கதைதான்! ஃபைலின் பெயரை மாற்றினாலும், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் இதே கதிதான். 'ரீலிங்க்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டிவிடலாம் என்றாலும், 72 படத்துக்கும் அதைச் செய்வதற்குப் பழைய முறையே மேல் என்று தோன்றும். 'பேக்கேஜ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. படத்தையும் அதில் இணைத்த எல்லா ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தரும். டிசைனரிடம் வேலை கொடுக்கும்போதே, கடைசியில் இப்படிப் பேக்கேஜ் செய்துதான் தர வேண்டும் என்று பேசி, அதைப் பெற்ற பிறகே பாக்கியைத் தீர்ப்பது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் டிசைனர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லேபிள் ஃபைனல், லேபிள் ஃபைனல் 2, லேபிள் ஃபைனல் ஓகே என்று வைத்துக்கொண்டே போவார்கள். இணைப்பு முறையில் இது ஆகாது. நடப்பில் உள்ள ஃபைலுக்கு என்றும் ஒரே பெயர். திருத்துவதற்கு முன் பழையதை ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். லேபிளின் நீள அகலத்தையும் இடையில் மாற்றக் கூடாது. மாற்றினால் வளைத்து வைத்த லேபிள் பாக்கெட்டை விட்டு இடம் பெயர்ந்து நிற்கும்.

இரண்டாவது சங்கடம்தான் மனத்தை உறுத்தியது. பொது ஃபைலில் குறை தெரிவிக்கும் தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போயிருந்தது. நான்தான் கையால் எழுதிக் கொடுத்தேன்; என் 1-ஐ அவர் 7 என்று படித்துவிட்டார். பழைய முறையாக இருந்தால் ஒரு படத்தில் தவறியிருக்கும். இப்போது ஒரே நாளில் 72 படத்திலும் தவறியது. 24 லேபிளிலும் தவறியது. யாரோ ஒரு அம்மாவுக்கு எங்கள் கம்பு மாவைப் பற்றிப் போன் போயிருக்கிறது. அவர்கள் பொறுமையாக, பாக்கெட்டில் இருக்கும் உரிம எண்ணை வைத்து விசாரித்து எங்களைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குள் ஒரு சரக்குக்குக் கவர் அச்சாகிவிட்டது. அச்சிட்ட கவர் அத்தனையிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். படங்களைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டிக்கர் ஒட்டத்தான் நான்கு பேருக்கு மூன்று நாள்.

அதிலிருந்து பொது ஃபைலைத் திருத்தினால், சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பது போல ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் உரிமச் சான்றிதழையும் அசல் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு டிக் போடுகிறார். தொலைபேசி எண்ணாக இருந்தால் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து அங்கேயே போன் அடித்துப் பார்க்கிறோம். கடை மணி அடித்தால்தான் சேமிக்கலாம்.

அச்சகத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் பல அச்சகங்களில் லேபிளைக் கோரல்டிரா மென்பொருளில் செய்கிறார்கள். அந்த ஃபைலைப் போட்டோஷாப்பில் நேரடியாக இணைக்க முடியாது. அதைப் பி.டி.எஃப். ஆக மாற்றி வாங்கி, அதை இணைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை திருத்தும்போது அதே பெயரில், அதே இடத்தில், பழையதன் மேலேயே சேமித்தால் இணைப்பு அதை எடுத்துக்கொள்ளும். அச்சுக்குப் போகும் லேபிளும் படத்தில் தெரியும் லேபிளும் ஒன்றே ஆகிவிடுவதால், படம் ஒன்று சரக்கு ஒன்று என்ற பேச்சுக்கு இடமிருக்காது. ஆனால் நிறத்தைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். திரையின் சிவப்பு வேறு, மையின் சிவப்பு வேறு. நிறத்துக்கு அச்சு மாதிரிதான் ஆதாரம்.

சரக்கு நாலைந்து, படம் பத்துப் பதினைந்து என்று இருப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை. அவர்கள் சாதாரண ஸ்மார்ட் ஆப்ஜெக்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே படத்தில் பல பாக்கெட் நிற்பதாக இருந்தால், முதல் பாக்கெட்டின் லேபிள் உறையைச் சாதாரணமாக நகல் எடுத்து மற்றவற்றில் வைத்தாலே போதும். ஒன்றைத் திருத்தினால் அந்தப் படத்துக்குள் உள்ள எல்லாமே மாறும். 'நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி' என்று எடுத்தால் மட்டும் உறவு அறுந்து தனித்தனியாகிவிடும். படம் இருபதைத் தாண்டினாலோ, ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் விலை மாறும் சரக்காக இருந்தாலோ, இணைப்பு முறைக்குச் செய்யும் முதல் செலவு இரண்டாவது விலை மாற்றத்திலேயே திரும்பி வந்துவிடும்.

எங்கள் கடையில் எள்ளுருண்டைக்கு 50 கிராம் பாக்கெட் ஒன்று புதிதாகப் போடுகிறோம். 100 கிராம் லேபிளை நகலெடுத்து, எடை, விலை, அலகு விலை மூன்றை மட்டும் மாற்றி, மூன்று படங்களில் இணைப்பை இதன் பக்கம் திருப்பிவிட்டார் புது டிசைனர். காலையில் சொன்ன வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கைக்கு வந்தது. எழுத்து உயரத்தை மட்டும் இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.